இரண்டாவது உயிலைக் கிழித்தால் முதல் உயில் எழுந்து வராது

கேரள–தமிழ்நாடு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் உயில் பேச்சு வந்தால் ஒரு வாக்கியம் கட்டாயம் காதில் விழும்: "ரெண்டாவது எழுதினதைக் கிழிச்சுப் போட்டேனுங்க. பழசு பெட்டியிலதான் இருக்குது, அது போதும்." போதாது. இரண்டாவது உயில் முதலாவதை ரத்து செய்திருந்தால், அதைக் கிழித்த பிறகு அவர் கையில் உயிரோடு ஒரு உயிலும் கிடையாது. அவர் காலமானால் உயிலே எழுதாமல் போனவர் கணக்குத்தான்.

மேல் தட்டை எடுத்தால் கீழ்த்தட்டு தெரியும் என்பது போல நினைத்துக்கொள்வதால் வரும் வினை இது. "முன் எழுதின உயில்களை ரத்து செய்கிறேன்" என்ற வாசகத்தோடு புது உயிலில் முறைப்படி கையெழுத்து விழுந்த நிமிஷமே பழையது தீர்ந்தது. உயில் நடப்புக்கு வருவது சாவுக்குப் பிறகுதானே, இடையிலேயே கிழித்துவிட்டால் ரத்து வாசகமும் அதோடு போகாதா என்று வாதம் வரும். சொத்தைக் கொடுக்கிற ஷரத்துகள் சாவு வரை காத்திருக்கும், ரத்து காத்திருக்காது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவர் 2011ல் எழுதின உயிலில் தென்னந்தோப்பு மூத்த மகளுக்கு, வீடு மகனுக்கு, கையிருப்பு இளைய மகளுக்கு. 2017ல் எல்லாம் மகனுக்கே என்று மாற்றி எழுதுகிறார், ரத்து வாசகத்தோடு. 2022ல் மகனோடு மனத்தாங்கல். 2017 உயிலைக் கிழித்து அடுப்பில் போடுகிறார். 2024ல் காலமாகிறார். அவர் மனதில் 2011 உயில் நிற்கிறது. சட்டத்தில் எதுவும் நிற்கவில்லை. அவர் இந்துவானால் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் 8ம் பிரிவுப்படி மனைவி, மகன், இரண்டு மகள்கள் நாலு பேருக்கும் கால் கால் பங்கு. அவருடைய தாயார் உயிரோடிருந்தால் அவருக்கும் ஒரு பங்கு, அப்போது ஐந்தில் ஒன்று. கிறிஸ்தவரானால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மிச்சம் மூன்றில் இரண்டு பிள்ளைகளுக்குச் சமமாக. மூத்த மகள் தோப்பு தனக்குத்தான் என்று பத்து வருஷம் தண்ணீர் பாய்ச்சியிருப்பாள். அதற்கு அங்கே மதிப்பு இல்லை.

சட்டம் எது என்று சொல்லிவிடுகிறேன். இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925. மத்தியச் சட்டமாதலால் வாளையாறுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே விதி. கேரளத்தில் ஒசியத்து என்பார்கள், பொள்ளாச்சியில் உயில் என்பார்கள், சில பழைய பத்திரங்களில் மரண சாசனம் என்றிருக்கும். மூன்றும் ஒன்றே. இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும், சில பிரிவுகளில் வித்தியாசத்தோடு. அந்த வித்தியாசம்தான் பல இடத்தில் ஆளைக் கவிழ்க்கும். ராவுத்தர் குடும்பங்களுக்கு உயில் விஷயத்தில் இந்தச் சட்டம் இல்லை, ஷரியத் விதிதான்: மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுதினால் வாரிசுகள் பின்னால் சம்மதிக்க வேண்டும், எழுத்தோ சாட்சிக் கையெழுத்தோ இல்லாமலும் ஒசியத்து செல்லும், ரத்தும் வாய்மொழியாக ஆகலாம். கீழே சொல்வது அவர்களுக்கு அப்படியே பொருந்தாது.

ரத்து ஆவதற்கு உள்ள வழிகள்

70ம் பிரிவு வழிகளை எண்ணிச் சொல்லி, இவை தவிர வேறு எப்படியும் ரத்தாகாது என்கிறது. திருமணம் ஒன்று. இன்னொரு உயில் அல்லது துணை உயில் ஒன்று. வக்கீல்கள் கோடிசில் என்று சொல்வது இந்தத் துணை உயிலைத்தான். ரத்து செய்கிறேன் என்று தெரிவிக்கிற, உயிலைப் போலவே கையெழுத்தும் இரண்டு சாட்சியும் உள்ள எழுத்து ஒன்று. கடைசியாக, எரிப்பது, கிழிப்பது, வேறு வகையில் அழிப்பது.

வேறு எப்படியும் இல்லை என்ற அந்த வார்த்தையை இரண்டு தரம் படிக்க வேண்டும். விவாகரத்து உயிலை ரத்து செய்யாது. 2010ல் மனைவி பெயருக்கு எழுதி, 2016ல் பிரிந்து தீர்ப்பும் வாங்கியாயிற்று என்றால், உயிலை மாற்றாதவரை முன்னாள் மனைவி பெயர் அதில் உட்கார்ந்தே இருக்கும். புதிதாகக் குழந்தை பிறப்பது ரத்து செய்யாது. மகனை வீட்டை விட்டுப் போகச் சொன்னது, பத்திரிகையில் விளம்பரம் போட்டது, பஞ்சாயத்தில் நாலு பேர் முன்னால் சொன்னது, வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியது, எதுவும் செய்யாது. நூறு ரூபாய் முத்திரைத்தாளில் நோட்டரி முன்னால் அஃபிடவிட் போட்டேன் என்பார்கள். இரண்டு சாட்சிகள் முறைப்படி கையெழுத்துப் போட்டிருந்தால் செல்லும், இல்லையென்றால் செல்லாது. நோட்டரியின் முத்திரை இரண்டு சாட்சிக்கு ஈடல்ல.

அந்த முறை என்ன என்பது 63ம் பிரிவு. எழுதினவர் கையெழுத்தோ கைரேகையோ வைக்க வேண்டும். முடியாவிட்டால் அவர் முன்னிலையில், அவர் சொல்லி, இன்னொருவர் அவருக்காகக் கையெழுத்திடலாம். குறைந்தது இரண்டு சாட்சிகள். ஒவ்வொரு சாட்சியும் அவர் கையெழுத்திடுவதைப் பார்த்திருக்க வேண்டும், அல்லது "இது என் கையெழுத்துதான்" என்று அவர் வாயால் கேட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு சாட்சியும் அவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். சாட்சிகள் இருவரும் ஒரே நேரத்தில் இருக்கவேண்டும் என்பது கட்டாயமில்லை. ஆனாலும் இருவரையும் ஒரே மேஜையில் உட்கார வைப்பதுதான் நல்லது. பத்து வருஷம் கழித்துக் கூண்டில் ஏறும்போது இருவர் கதையும் ஒன்றாக வரும். உயில் எழுதும்போது பலர் இந்த முறையைச் சரியாகக் கடைப்பிடிக்கிறார்கள். ரத்து எழுதும்போது அதே ஆட்கள் ஒரு வெள்ளைத்தாளில் நாலு வரி எழுதி, சாட்சி இல்லாமல் மடித்து வைத்துவிடுகிறார்கள்.

கல்யாணம் பற்றி. 69ம் பிரிவுப்படி உயில் எழுதினவர் பிறகு திருமணம் செய்துகொண்டால் அந்த உயில் தானாகவே ரத்து. இது கிறிஸ்தவர்களுக்கு உண்டு, இந்துக்களுக்கு இல்லை; 57ம் பிரிவிலேயே விலக்கு இருக்கிறது. மனைவி இறந்த பிறகு பிள்ளைகளுக்கு ஒழுங்காக உயில் எழுதி வைத்த ஒருவர் அறுபது வயதில் துணைக்காக மறுமணம் செய்துகொண்டால், தேவாலயத்தில் ஓலை வாசித்துத் தாலி கட்டின அன்றே அந்த உயில் போயிற்று. இந்தக் கல்யாணத்தை மனதில் வைத்துத்தான் எழுதினேன் என்று உயிலிலேயே எழுதினாலும் காப்பாற்றாது. இங்கிலாந்தில் அப்படி ஒரு விலக்கு உண்டு, நம் சட்டத்தில் இல்லை. கல்யாணம் முடிந்த பிறகு அதே உயிலைப் புதிதாகக் கையெழுத்திடுவது ஒன்றே வழி.

கிழிப்பதிலும் ஒரு முறை இருக்கிறது

கிழிப்பதற்கு இரண்டு அம்சம் வேண்டும்: காகிதம் உண்மையாகவே அழிய வேண்டும், ரத்து செய்யும் எண்ணம் இருக்க வேண்டும். ஒன்று இருந்து ஒன்று இல்லையென்றால் ரத்து இல்லை. 1877ல் இங்கிலாந்தில் தீர்ப்பான சீஸ் எதிர் லவ்ஜாய் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். ஒருவர் தன் உயிலில் பேனாவால் கோடுகள் அடித்து, பின்பக்கம் இவையெல்லாம் ரத்து என்று எழுதி, அறை மூலையில் கிடந்த கழிவுக் காகிதக் குவியலில் வீசினார். வேலைக்காரப் பெண் அதை எடுத்துச் சமையலறை மேஜையில் வைத்தாள். அவர் சாகும்வரை ஏழெட்டு வருஷம் அது அங்கேயே கிடந்தது. நீதிமன்றம் உயில் ரத்தாகவில்லை என்றது. எண்ணம் இருந்தது, சந்தேகமே இல்லை. ஆனால் காகிதம் அழியவில்லை, எழுதின ரத்துக்குச் சாட்சி இல்லை.

நம்மூரில் இது குறுக்கே இரண்டு கோடு, நடுவில் "கேன்சல்" என்ற வடிவில் வருகிறது. ரத்துச் செய்த காசோலையைப் பார்த்துப் பழகின கை. காசோலைக்கு அது சரி, உயிலுக்கு அது வெறும் கிறுக்கல்.

யார் கிழிக்கிறார் என்பதும் முக்கியம். எழுதினவரே கிழிக்கலாம், அல்லது அவர் முன்னிலையில், அவர் சொல்லி, இன்னொருவர் கிழிக்கலாம். முன்னிலையும் வேண்டும், சொல்லும் வேண்டும். அப்பா கொழிஞ்சாம்பாறை வீட்டில் படுத்துக்கொண்டு, பொள்ளாச்சியில் இருக்கும் மகனிடம் போனில் "அந்த பீரோவில இருக்கிறதைக் கிழிச்சிருப்பா" என்று சொல்லி, மகன் கிழித்தால் அது ரத்து இல்லை. அப்பா நினைவு தப்பின நிலையில் தானே கிழித்தாலும் ரத்து இல்லை, ஏனென்றால் உயில் எழுதத் தகுதியான தெளிவு ரத்து செய்யவும் வேண்டும். 62ம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. பவர் ஏஜெண்டுக்கு இதில் வேலையே கிடையாது. பவர் பத்திரத்தில் எத்தனை அதிகாரம் எழுதியிருந்தாலும் இன்னொருவருக்காக உயிலை எழுதவோ ரத்து செய்யவோ அது உதவாது.

திருத்தம் செய்வதில் 71ம் பிரிவு ஒரு விசித்திரமான வலை விரிக்கிறது. கையெழுத்தான பிறகு உயிலில் அடித்தல், இடைச்செருகல், மாற்றம் எதுவும் செல்லாது. திருத்தத்துக்குப் பக்கத்து ஓரத்திலோ, திருத்தத்தைச் சொல்லும் குறிப்பின் அடியிலோ எழுதினவரும் சாட்சிகளும் கையெழுத்திட்டால்தான் செல்லும். ஒரே ஒரு விதிவிலக்கு: அடித்ததில் பழைய எழுத்து படிக்கவே முடியாமல் போயிருந்தால், அந்த அளவுக்கு அழிப்பு செல்லும். இதன் விளைவைப் பாருங்கள். "வடக்குப் பக்கம் 40 சென்ட் என் தங்கை மகனுக்கு" என்றிருக்கிறது. தங்கை மகன் பெயரின் மேல் ஒயிட்னரை அப்பி, அதன் மேல் அண்ணன் மகள் பெயரை எழுதுகிறார், சாட்சி இல்லாமல். பழைய பெயர் படிக்க முடியாததால் தங்கை மகனுக்குப் போகாது. புதுப் பெயருக்குச் சாட்சி இல்லாததால் அண்ணன் மகளுக்கும் போகாது. 40 சென்ட் அந்தரத்தில். மெல்லிசாக ஒரு கோடு மட்டும் அடித்திருந்தால், பழைய பெயர் படிக்க முடிகிறது என்பதால், தங்கை மகனுக்கே போயிருக்கும். திருத்த வேண்டுமென்றால் காகிதத்தில் கை வைக்காமல் தனியாகத் துணை உயில் எழுதுவதுதான் உத்தமம். இரண்டு திருத்தத்துக்கு மேல் வந்துவிட்டால் துணை உயிலும் வேண்டாம், முழுசாகப் புதிது எழுதிவிடலாம்.

விற்பதை ரத்தோடு குழப்பிக்கொள்ளக்கூடாது. உயிலில் எழுதின தோப்பை உயிரோடிருக்கும்போதே விற்றால் உயில் ரத்தாகாது. அந்தத் தோப்பு பற்றின ஷரத்து மட்டும் 152ம் பிரிவுப்படி வீணாகும். விற்ற பணம் அந்த மகளுக்குப் போகாது. மற்ற ஷரத்துகள் அப்படியே நிற்கும்.

எல்லைக்கோட்டில் இரண்டு உயில்

சித்தூர் தாலுக்காவில் (ஆந்திரச் சித்தூர் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர்) வீடும் நெல்வயலும், பொள்ளாச்சி தாலுக்காவில் தோப்பும் உள்ள குடும்பங்கள் எத்தனையோ. இவர்களில் பலர் இரண்டு உயில் எழுதுகிறார்கள். கேரளச் சொத்துக்கு மலையாளத்தில் ஒரு ஒசியத்து, இங்குள்ள ஆதாரம் (பத்திரம்) எழுத்துக்காரரிடம். தமிழ்நாட்டுச் சொத்துக்குத் தமிழில் ஒரு உயில், அங்குள்ள பத்திர எழுத்தரிடம். யோசனை தப்பில்லை. அங்கே பட்டா மாற்றும்போது கேரளச் சொத்துக் கதையெல்லாம் வெளியே வராது, இங்கே போக்குவரவு (கேரளத்துப் பட்டா மாற்றம்) செய்ய வில்லேஜ் ஆபீஸில் தமிழ் உயிலை மொழிபெயர்த்துக் கொடுக்கும் அலைச்சல் இல்லை.

அச்சுப் படிவத்தில்தான் ஆபத்து. எந்த எழுத்தரின் கணினியிலும் உயில் மாதிரியில் இந்த வரி நிரந்தரமாக இருக்கும்: "இதற்கு முன் நான் எழுதியுள்ள எல்லா உயில்களையும் இதன்மூலம் ரத்து செய்கிறேன்." திங்கட்கிழமை சித்தூரில் கேரளச் சொத்துக்கு ஒசியத்து. வியாழக்கிழமை பொள்ளாச்சியில் தமிழ்நாட்டுச் சொத்துக்கு உயில். வியாழக்கிழமை உயிலில் இந்த வரி அப்படியே ஒட்டிக்கொண்டு வந்தால் திங்கட்கிழமை ஒசியத்து மூன்று நாள்கூட வாழவில்லை. கேரள வீடும் வயலும் உயில் இல்லாத சொத்தாகிவிடும். எழுதினவருக்கு அப்படி ஒரு எண்ணம் கனவிலும் இல்லை என்று பிள்ளைகள் வாதாடலாம். உயிலின் மொத்த வாசகத்தை வைத்து அந்த வரிக்குச் சுருங்கின பொருள் கொடுக்கச் சொல்லி நீதிமன்றத்தைக் கேட்கலாம். ஆனால் அது கேஸ், ஒரு தலைமுறையைத் தின்றுவிடும்.

தவிர்ப்பது ஒரு வரி வேலை. இரண்டாவதாக எழுதும் உயிலில் ரத்து வாசகத்தை இப்படி அமைக்கலாம்:

"தமிழ்நாடு மாநிலத்தில் உள்ள என் சொத்துகள் சம்பந்தமாக இதற்கு முன் நான் எழுதியுள்ள உயில்களையும் துணை உயில்களையும் மட்டும் இதன்மூலம் ரத்து செய்கிறேன். கேரள மாநிலத்தில் உள்ள என் சொத்துகள் சம்பந்தமாக … தேதியில் எழுதி, … சார்பதிவாளர் அலுவலகத்தில் 3ம் புத்தகத்தில் … எண்ணாகப் பதிவான என் ஒசியத்து இந்த உயிலால் எந்த விதத்திலும் பாதிக்கப்படாமல் தொடர்ந்து நடப்பில் இருக்கும்."

இரண்டையும் ஒரே நாளில் கையெழுத்திடுகிறவர்கள் தேதிக்குப் பக்கத்தில் மணியும் எழுதிவிடுவது நல்லது. இரண்டிலும் பொது ரத்து வாசகம், இரண்டிலும் ஒரே தேதி என்றால் எது எதை ரத்து செய்தது என்பதை யார் சொல்வது?

ரத்து வாசகமே இல்லாத இரண்டாவது உயில் இதற்கு எதிர்ப்பக்கம். அங்கே பழையது முழுசாகப் போகாது. புதிதோடு முரண்படுகிற அளவுக்கு மட்டும் போகும், மிச்சம் இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அப்படி முரண்பாட்டால் ரத்தான பகுதியும், இரண்டாவதைக் கிழித்தால் திரும்பி வராது. 1893ல் இங்கிலாந்து அப்பீல் நீதிமன்றம் ஹாட்ஜ்கின்சன் வழக்கில் இதே கேள்விக்கு இதே பதிலைத்தான் சொன்னது.

செத்த உயிலுக்கு உயிர் கொடுப்பது

73ம் பிரிவு. எந்த விதத்தில் ரத்தான உயிலானாலும் அதை மறுபடி நடப்புக்குக் கொண்டுவர இரண்டே வழி. ஒன்று, அதே உயிலை மறுபடி முறைப்படி நிறைவேற்றுவது: எழுதினவர் இன்றைய தேதியிட்டுப் புதிதாகக் கையெழுத்து, இரண்டு சாட்சிகள் புதிதாகக் கையெழுத்து. பழைய சாட்சிகளே வேண்டும் என்பதில்லை. இரண்டு, முறைப்படி சாட்சி வைத்த துணை உயில், அதில் பழையதை உயிர்ப்பிக்கும் எண்ணம் வெளிப்படையாகத் தெரிய வேண்டும். இந்தப் பிரிவுக்கு மூலம் இங்கிலாந்தின் 1837 உயில் சட்டம். அதற்கு முன்னால் அங்கேயும் இரண்டாவதை அழித்தால் முதலாவது எழுந்து வருமா என்பதில் நீதிமன்றத்துக்கு நீதிமன்றம் வேறு வேறு கருத்து இருந்தது. அந்தக் குழப்பத்தை வெட்டத்தான் இவ்வளவு கறாராக எழுதினார்கள்.

எண்ணம் தெரிய வேண்டும் என்பதில் பலர் தடுக்கி விழுகிறார்கள். பழைய உயிலோடு துணை உயிலை நூல் போட்டுக் கட்டி வைத்தால் போதாது, ஒரே உறையில் போட்டால் போதாது. "என் முந்தைய உயிலின்படி" என்று மட்டும் எழுதினால் எந்த முந்தையது, 2011ஆ 2017ஆ என்று கேள்வி வரும். தேதியைத் தப்பாகப் போட்டால் வேண்டாத உயில் எழுந்து உட்காரும். துணை உயிலில் முழுக் கதையும் வர வேண்டும்:

"நான் … தேதியில் ஒரு உயில் (முதல் உயில்) எழுதினேன். அதை … தேதியிட்ட இரண்டாம் உயிலால் ரத்து செய்தேன். இப்போது அந்த இரண்டாம் உயிலை முழுவதுமாக ரத்து செய்து, முதல் உயிலை அதன் எல்லா ஷரத்துகளோடும் மீண்டும் நடப்புக்குக் கொண்டுவருகிறேன். இந்தத் துணை உயிலும் முதல் உயிலும் சேர்ந்தே என் கடைசி உயில்."

எல்லா ஷரத்துகளோடும் என்ற வார்த்தைக்குக் காரணம் 73ம் பிரிவின் இரண்டாம் பகுதி. ஒரு உயிலின் ஒரு பகுதி முதலில் ரத்தாகி, பிறகு முழுசும் ரத்தாகி, அதன் பின் உயிர்ப்பிக்கப்பட்டால், முதலில் ரத்தான பகுதி திரும்பி வராது. 2011 உயிலில் 40 சென்ட் தங்கை மகனுக்கு. 2013ல் துணை உயில் எழுதி அந்த 40 சென்டை மட்டும் நீக்குகிறார். 2017ல் முழு உயிலும் ரத்து. 2023ல் 2011 உயிலை உயிர்ப்பிக்கிறார். எழுவது 2013ல் நீக்கின வடிவம்தான். 40 சென்டும் சேர்ந்து வர வேண்டுமென்றால் "2013ல் நீக்கின ஷரத்து உட்பட" என்று எழுதியே ஆக வேண்டும். வர வேண்டாம் என்றாலும் "நீங்கலாக" என்று எழுதிவிடுவது மேல். பின்னால் யாரும் வாதாட இடம் இருக்காது.

எரிந்துபோன உயிலைத் துணை உயிலால் எழுப்ப முடியாது, உயிர்ப்பிக்கக் காகிதம் இருக்க வேண்டும். பதிவு செய்த உயிலாக இருந்து, நகல் சார்பதிவாளர் அலுவலகப் புத்தகத்தில் இருக்கிறதே என்றால், அந்த நகலை முன்னால் வைத்துக்கொண்டு முழு உயிலையும் இன்றைய தேதியில் புதிதாக எழுதிக்கொள்ளலாம். சொல்லப்போனால் உயிர்ப்பித்தல் என்ற வேலையே பெரும்பாலும் வேண்டாத சுற்று. பழையதை அப்படியே தட்டச்சு செய்து, புதுத் தேதி, புதுக் கையெழுத்து, புதுச் சாட்சி. நாலு பக்கம் தட்டச்சுக் கூலியை மிச்சம் பிடிப்பதற்காக 73ம் பிரிவோடு சீட்டாடத் தேவையில்லை. சர்வே எண்ணும் இதற்குள் மாறியிருக்கும்: தமிழ்நாட்டுப் பக்கம் உட்பிரிவு ஆகியிருக்கலாம், கேரளப் பக்கம் ரீசர்வேயில் புது எண் வந்திருக்கலாம். தபசிலை (சொத்து விவரப் பட்டியலை) புதுப்பிக்கவும் இதுவே சமயம்.

மறுகையெழுத்து அன்று சாட்சிக்கு ஆள் தேடும்போது வீட்டில் கைக்கெட்டின தூரத்தில் இருப்பவர் மருமகன். கிறிஸ்தவர்கள் இதில் உஷாராக இருக்க வேண்டும்: 67ம் பிரிவுப்படி சாட்சிக்கோ சாட்சியின் கணவன் மனைவிக்கோ எழுதின சொத்து செல்லாது. மருமகன் சாட்சி போட்டால் உயில் நிற்கும், மகளுக்கு எழுதினது மட்டும் போய்விடும். இந்துக்களுக்கு இந்தப் பிரிவு கிடையாது. ஆனாலும் பலன் பெறுகிறவர் வீட்டு ஆள் சாட்சி என்றால் சந்தேகத்துக்குக் கதவைத் திறந்து வைத்த மாதிரிதான்.

பதிவு

உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை, முத்திரைத்தாளும் வேண்டாம். பதிவு செய்த உயிலைப் பதிவில்லாத உயில் ரத்து செய்ய முடியுமா என்றால் முடியும். சட்டம் பார்ப்பது கையெழுத்தையும் சாட்சியையும்தான். ஆனால் நடைமுறை வேறு. அப்பா பதிவு உயிலின் மூலத்தைக் கிழித்துவிட்டார், ரத்து முறைப்படி ஆயிற்று என்றே வைத்துக்கொள்வோம். சார்பதிவாளர் அலுவலகத்தின் 3ம் புத்தகத்தில் அதன் பதிவு அப்படியே இருக்கும். எழுதினவர் உயிரோடு இருக்கும்வரை அதன் நகல் அவருக்கோ அவர் ஏஜெண்டுக்கோ மட்டும்தான் கிடைக்கும். இறந்த பிறகு கேட்கிற எவருக்கும் கொடுப்பார்கள். அந்த உயிலில் சொத்து எழுதப்பட்ட மகன் நகலை வாங்கிக்கொண்டு பட்டா மாற்றவோ போக்குவரவு செய்யவோ போனால், கிழித்த கதை அந்த மேஜைக்குத் தெரியாது. அதனால் பதிவு உயிலைப் பதிவு ஆவணத்தால்தான் ரத்து செய்ய வேண்டும் என்பது சட்டமல்ல, புத்தி. தனி ரத்துப் பத்திரத்தைவிடப் புது உயிலுக்குள்ளேயே ரத்து வாசகம் வைத்துப் பதிவு செய்வது எளிது.

வில்லங்கச் சான்றில் உயில் தெரியாது. அந்தச் சான்று 1ம் புத்தகத்திலிருந்து வருகிறது, உயில் இருப்பது 3ம் புத்தகத்தில். கேரளத்தில் குடிக்கடச் சான்று எடுத்தாலும் இதே நிலைமை. மேலும், சொத்து எங்கே இருக்கிறதோ அங்கேதான் உயிலைப் பதிய வேண்டும் என்றில்லை. பொள்ளாச்சியில் எழுதின உயிலில் கேரள வயல் இருக்கலாம், பொள்ளாச்சியிலேயே பதியலாம். ஆகவே முதல் உயில் ஒரு மாநிலத்தின் 3ம் புத்தகத்திலும், அதை ரத்து செய்த உயில் இன்னொரு மாநிலத்தின் 3ம் புத்தகத்திலும் இருக்க, இரண்டுக்கும் ஒன்றையொன்று தெரியாமல் இருப்பது எல்லைப்புறத்தில் சாதாரணம். ரத்தை முதல் உயில் பதிவான அதே அலுவலகத்தில் பதிவது இதற்கு மருந்து. பாஷையையும் கவனிக்க வேண்டும்: அந்த மாவட்டத்தில் பொதுவாகப் புழங்காத, பதிவு அதிகாரிக்கும் புரியாத மொழியில் ஆவணம் இருந்தால் சரியான மொழிபெயர்ப்பும் ஒரு நகலும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மொழிபெயர்ப்பில் தேதியும் எண்ணும் மூலத்தோடு ஒத்துப்போகிறதா என்று ஒருவர் வாசிக்க, இன்னொருவர் சரிபார்க்க வேண்டும்.

மாவட்டப் பதிவாளரிடம் முத்திரையிட்ட உறையில் உயிலை ஒப்படைத்து வைக்கும் வசதியும் இருக்கிறது. அது பதிவு அல்ல, பத்திரமாக வைப்பது மட்டுமே. உறையைத் திரும்ப வாங்கிவிட்டால் உயில் ரத்து என்று நினைப்பவர்கள் உண்டு. வாங்கினது வாங்கினதுதான், கிழித்தால் அல்லது மாற்றி எழுதினால்தான் ரத்து.

தலைப்பைப் பார்த்து ஏமாறவும் கூடாது. உயில் என்று தலைப்புப் போட்டு, இன்று முதலே உரிமை கொடுத்தேன் என்று உள்ளே எழுதியிருந்தால் அது செட்டில்மெண்ட். கேரளத்தில் தன நிச்சய ஆதாரம் (அதுவும் செட்டில்மெண்ட்தான்) என்று எழுதினதை, உயிலைப் போல மனம் மாறினபோது ரத்து செய்யலாம் என்று நினைத்துப் போகிறவர்கள் வெறுங்கையோடு திரும்புவார்கள். கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் பேசி ஒரே காகிதத்தில் எழுதும் கூட்டு உயிலும் எச்சரிக்கைக்கு உரியது: இருவரும் இருக்கும்வரை மாற்றலாம். ஒருவர் போய், மற்றவர் அந்த உயிலின் பலனை எடுத்துக்கொண்ட பிறகு மாற்ற முடியாமல் போகலாம்.

கடைசியாக, காணாமல்போன உயில். எழுதினவர் கையில் இருந்ததாகத் தெரிந்த உயில் அவர் இறந்த பிறகு கிடைக்கவில்லையென்றால், அவரே ரத்து செய்ய அழித்திருப்பார் என்று ஊகிக்கும் பழைய ஆங்கிலேய விதி ஒன்று உண்டு. துர்கா பிரசாத் எதிர் தேவி சரண் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த ஊகத்தை நம் நாட்டில் ஜாக்கிரதையாகத்தான் பயன்படுத்த வேண்டும் என்றது. நம் வீடுகளில் பீரோ சாவி எத்தனை பேர் கையில் இருக்கும் என்று யோசித்தால் காரணம் விளங்கும். அவர் அழிக்கவில்லை, இறந்த பிறகு தொலைந்தது அல்லது வேறு யாரோ அழித்தார்கள் என்று காட்ட முடிந்தால், 237ம் பிரிவுப்படி நகலை வைத்தே புரோபேட் (உயில் உண்மையென்று நீதிமன்றம் தரும் சான்று) கேட்கலாம். இதையெல்லாம் நிரூபிக்க ஒரு சாட்சியாவது கூண்டில் ஏற வேண்டும். சாட்சி உயிரோடும் வரக்கூடிய நிலையிலும் இருந்தால் ஒருவரையாவது விசாரிக்காமல் உயில் நிற்காது. முன்பு சாட்சியச் சட்டம் 68ம் பிரிவு, 2024 ஜூலையிலிருந்து பாரதிய சாட்சிய சட்டம் 67ம் பிரிவு. ரத்துக்கும் உயிர்ப்பித்தலுக்கும் சாட்சி போடுகிறவர் எழுதுகிறவரைவிட இருபது வயதாவது இளையவராக, எல்லைக்கு எந்தப் பக்கமானாலும் தேடினால் கிடைக்கிற முகவரி உள்ளவராக இருக்கட்டும். முகவரியைக் கையெழுத்துக்குக் கீழே முழுசாக எழுதச் சொல்லுங்கள், வார்டு எண்ணோடு.